வெள்ளைத் தழும்பு

என் வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் தரம் பிரிக்கிற வேலை. ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் விரித்து, தழும்பு எங்கே, முள் கிழித்தது எங்கே என்று பார்ப்பார். நல்லது ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம். இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு வருஷம் அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்து எழுந்தவருக்குக் கொஞ்ச நாளில் கால் வீங்க ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடியே தூங்குவார்.

வேலூரில் எக்கோ எடுத்துப் பார்த்து, இதயம் சரியாகச் சுருங்கவில்லை, ஹார்ட் ஃபெயிலியர் என்றார்கள். எதிரே உட்கார்ந்து இட்லி தின்கிற மனுஷனுக்கு இதயம் எப்படி ஃபெயிலாகும்? எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. பைபாஸ் செய்யலாம், ஆனால் இதயத்துச் சதை உயிரோடு இருந்தால்தான் பிரயோஜனம், அதை எம்ஆர்ஐ எடுத்தால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

எம்ஆர்ஐ அறைக்குள் உலோகம் ஆகாது என்றதால், தாயத்தையும் அரைஞாணையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வெளியே வந்தவர் முகமே சரியில்லை.

"டமடமன்னு ஒரே சத்தம். மூச்ச விடு, நிறுத்துன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. பேஜாராயிடுச்சு."

டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். கருப்பாக ஒரு வளையம். அதில் ஒரு பக்கம் மட்டும், உள்விளிம்பில் வெள்ளைக் கோடு. அவ்வளவு கருப்பைப் பார்த்ததும் எல்லாம் போச்சு என்றே நினைத்துவிட்டேன்.

"கருப்பா இருக்கிறது நல்ல சதைம்மா. வெள்ளைதான் செத்தது" என்றார் டாக்டர்.

கருப்பு எப்படி நல்லதாகும் என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே இவர் படத்தை நோக்கிக் குனிந்தார்.

"அது தழும்பா சார்?"

"தழும்புதான்."

"தோல்ல ஓரமா இருந்தா வெட்டிட்டு எடுத்துக்கலாம். இது நட்டநடுவுல இருக்குது. இது தேறாது சார்." சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "வா, போலாம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"உங்க நெஞ்சு இன்னா ஆட்டுத் தோலா, பாத்தவொடனே தள்ளிப் போடறதுக்கு? அதக்கூட நகத்தால தடவி ஆழம் பாத்துட்டுத்தானே தள்ளுவீங்க?"

கதவருகே போனவர் நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"எவ்ளோ ஆழம் சார்?"

"தடிமன்ல பாதிகூட இல்ல. தழும்பு உள்பக்கம்தான். வெளிப்பக்கம் உயிரோட இருக்கு. ஆபரேஷன் பண்ணா நல்லா வேலை செய்ய வாய்ப்பிருக்கு."

"வாய்ப்புன்னா? கண்டிப்பா இல்லையா?" என்றேன்.

"கண்டிப்பான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா."

சதை உயிரோடு இருக்கிறதாம், ஆனால் தேறுவது கண்டிப்பில்லையாம். இதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா? இவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் எதிரே என்னைத் தொடாதவர், டாக்டர் பார்க்கும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அறுக்கிறதுன்னா எனக்குப் பயமா இருக்குதும்மே" என்றார்.

"எனக்குந்தாங்க" என்றேன்.