பிட்டு ஆவியும் ஸ்காகென் குளிரும்

கடந்த ஆடி அமாவாசைக்கு என் கணவர் நிமோனியாவோடு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். காலஞ்சென்ற அவருடைய அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க முடியவில்லை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து சுவாமி அறையில் இருக்கும் அப்பாவின் படத்தை நேராகப் பார்ப்பதில்லை. தை அமாவாசைக்காவது அதைச் செய்துவிட வேண்டும் என்று நான் முடிவெடுத்தேன்.

டென்மார்க்கின் வடமுனையான ஸ்காகெனில் இரண்டு கடல்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. சங்கமம் என்றால் சங்கமம்தான். அது குளிரான இடத்தில் இருப்பது அதன் குற்றமில்லை.

ஏன் படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் வானில் போனீர்கள் என்று கேட்பீர்கள். விரதச் சமையலுக்காகத்தான். ஹோட்டலில் அடுப்பில்லை. வாடகை வீட்டுச் சட்டியில் முதல் நாள் என்ன பொரித்தார்களோ தெரியாது. எங்கள் வான் இரண்டாம் கைதான், ஆனால் அடுப்பும் சட்டியும் என்னுடையவை. அதுவரை கோடையில் மட்டுமே ஓடிய வான் அது.

இவர் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு ராத்திரி பாப்பம். விடிய எனக்கு இருமல் வந்துதெண்டா வானைத் திருப்பிறது. பிறகு கதையில்லை."

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் வெள்ளி பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் ஊரான பிராண்டேயிலிருந்து புறப்பட்டோம். முதல் இரவு தங்க நினைத்த விபோர்க் அறுபது கிலோமீட்டர், ஒரு மணித்தியாலம். குளிர்காலத்திலும் திறந்திருக்கும் முகாமிடம் ஒன்றை முதலே போன் பண்ணிக் கேட்டு வைத்திருந்தேன். இதை நீங்களும் செய்யுங்கள், பல இடங்கள் பூட்டியிருக்கும். ஒரு இரவுக்கு 180 குரோனர், மின்சாரம் தனி. வெளியே மைனஸ் மூன்று.

நான் ஒரு கிழமையாக ஆயத்தம் செய்திருந்தேன். கூரை யன்னலின் நீக்கலையும், கதவடியில் காற்று வரும் துவாரங்களையும் அகலமான டேப்பால் ஒட்டியாயிற்று. உள்ளே ஹீட்டரை இருபதில் விட்டு, அடுப்பில் பிட்டு அவித்தேன். ஆவி எழும்பி யன்னலெல்லாம் மூடியது. இவருக்கும் முகம் மலர்ந்தது.

"வீடு மாதிரிக் கிடக்கப்பா" என்றார். எனக்கும் பெருமைதான்.

விடிய எழும்பிப் பார்த்தால் யன்னல்களில் தண்ணீர் ஓடி, கீழே கட்டியாக உறைந்திருந்தது. போர்வையின் ஓரம் நனைந்திருந்தது. மெத்தைக்கு அடியில் கையை விட்டேன், அப்போதுதான் தோய்த்தெடுத்த துணி மாதிரி ஈரம். இவர் கட்டிலில் குந்தியிருந்து இருமிக்கொண்டிருந்தார்.

"மழை வெளியிலை இல்லை, உள்ளுக்கைதான் பெய்திருக்கு" என்றார். பிறகு பேசாமல் போர்வையை மடிக்கத் தொடங்கினார். அவர் பேசாமல் ஏதாவது மடித்தால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

"இஞ்சருங்கோ, மத்தியானம் மட்டும் பொறுங்கோ."

"நீர் மத்தியானத்துக்குள்ளை என்னத்தைக் காய வைக்கப் போறீர்?"

"தெரியாது. பொறுங்கோ."

வெளியே வந்தால் பக்கத்துக் கேரவனில் கதவு, யன்னல், கூரை எல்லாம் ஆவென்று திறந்திருந்தன. மைனஸ் நான்கில் ஒரு டேனிஷ் பெண் தடித்த ஜக்கெட்டோடு வாசலில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். பெயர் கீர்ஸ்டன், பஸ் ஓட்டுகிறவள். ஹீட்டர் பழுதாகிவிட்டதோ என்று கேட்டேன்.

"இல்லையே, லுஃப்த உட்" என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு முகம் சுட்டது. காற்றோட்டம் விடுதல் என்று அர்த்தம். எங்கள் குடியிருப்பின் படிக்கட்டில் பத்தொன்பது வருடமாக அந்த அறிவித்தல் தொங்குகிறது: ஒவ்வொரு நாளும் இருமுறை, ஐந்து நிமிடம், லுஃப்த உட். எங்கள் கறி வாசத்தைத்தான் மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அதனால், வாசம் படிக்கட்டுக்குப் போகக்கூடாது என்று, சமைக்கும்போது யன்னல்களை இன்னும் இறுக்கிப் பூட்டினேன். குளியலறை மூலையில் ஏன் கறுப்புப் பூஞ்சணம் வருகிறதென்று ஒவ்வொரு வருடமும் சுரண்டிக் களைத்தேன்.

இதைக் கீர்ஸ்டனிடம் சொன்னபோது கோப்பி சிந்தும்படி சிரித்தாள். "கறி வாசமா? எனக்கு வந்தால் நான் தட்டோடு வந்து கதவைத் தட்டுவேன்." பிறகு எங்கள் வானுக்குள் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "இந்த டேப்பை யார் ஒட்டியது?"

"நான்தான்."

"முதலில் உரி. எரிவாயு அடுப்பு இருக்கும் இடத்தில் இந்தத் துவாரங்கள் உயிருக்காக வைத்தவை. அதோடு, இரண்டு பேர் இரவு முழுக்க விடும் மூச்சிலேயே ஒரு கேத்தல் தண்ணீர் இருக்கும். அது எங்கே போகும்?"

அதற்குமேல் நான் பிட்டும் அவித்திருக்கிறேன்.

டேப்பை உரித்தேன். கதவெல்லாம் பத்து நிமிடம் திறந்து விட்டேன். மெத்தையை நிமிர்த்திக் காயவைக்கச் சூடான காற்று வரும் துவாரத்தைத் தேடினால், அதற்கு முன்னால் நான் வைத்த அரிசி மூட்டை.

"ரெண்டு ராத்திரிக்குப் பத்துக் கிலோ அரிசியோ?" என்றார் இவர்.

"வழியிலை ஆரும் வந்தா?"

"ஆர், கடல்நாயோ?"

மூட்டையை முன் சீற்றில் ஏற்றிப் பெல்ட் போட்டோம். விபோர்க் கடையில் யன்னலுக்கு வெள்ளிநிறத் தடித்த விரிப்பு 299 குரோனர், மெத்தைக்கு அடியில் காற்றுப் போகும் பிளாஸ்டிக் தட்டு 120, ஈரப்பதம் காட்டும் சிறு கருவி 79. பன்னிரண்டு மணிக்குக் கருவி 48 வீதம் காட்டியது, அறுபதுக்குக் கீழே என்றால் நல்லது. இவர் மெத்தையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"சரி, இன்னும் ஒரு ராத்திரி. ஆனா பிட்டு வேண்டாம்."

பிட்டுப் பைத்தியமான மனிதர் அப்படிச் சொன்னால் எவ்வளவு பயந்திருப்பார் என்று நினைத்தேன்.

ஸ்காகெனுக்கு 185 கிலோமீட்டர், இரண்டரை மணித்தியாலம். முகாமிடம் 190 குரோனர். மைனஸ் ஆறு, மேற்கிலிருந்து காற்று. வானின் மூக்கைக் காற்றுக்கு நேரே நிறுத்தினோம், பக்கவாட்டில் அடித்தால் வான் ஆடும், சூடும் போகும். சோற்றை மின்சாரக் குக்கரில், வாசலுக்கு வெளியே ஒதுக்குப்புறமாக வைத்து அவித்தேன். கூரை யன்னல் பெருவிரல் அகலம் திறந்தே இருந்தது. ஹீட்டர் பதினேழில். ஈர ஜக்கெட்டுகள் கழிவறைக்குள். கால்மாட்டில் சுடுதண்ணீர்ப் பை. முருகா, மிச்சம் உன் பாடு என்று படுத்தேன்.

விடிய நான்தான் முதலில் எழும்பினேன். யன்னல் தெளிவாக இருந்தது. மெத்தைக்கு அடியில் கையை விட்டேன், காய்ந்திருந்தது. பிறகு அசையாமல் காது கொடுத்தேன். இவரிடமிருந்து குறட்டைதான் வந்தது. அந்தக் குறட்டையை நான் ஒருபோதும் அவ்வளவு விரும்பிக் கேட்டதில்லை.

சூரியன் எட்டரைக்குப் பிறகுதான் வரும். வாகனத் தரிப்பிடத்திலிருந்து மணலில் அரை மணித்தியால நடை. முனையில் இரண்டு பக்கத்து அலைகளும் வந்து மோதி நேராக எழும்புகின்றன. அங்கே கடலில் இறங்கத் தடை, நீரோட்டம் இழுத்துவிடும். அலை மெலிந்து வரும் ஓரத்தில் இவர் செம்போடு குனிந்தார்.

"எந்தக் கடல் தண்ணி எடுக்கிறது?"

"ரெண்டிலையும் அள்ளுங்கோ."

ஐயர் போனில் சொல்லிக்கொடுத்தபடி கையுறையைக் கழற்றி, எள்ளை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் வார்த்தார். கை சிவந்தது. மந்திரம் முடிந்த பிறகும் நின்றார். அப்பாவிடம் ஏதோ சொன்னார், காற்றில் எனக்குப் பாதிதான் கேட்டது.

"அப்பு, பிந்திப் போச்சு. குறை நினையாதேங்கோ."

திரும்பி நடக்கும்போது ஒரு முறையும் இருமவில்லை.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். குளிரைவிட ஈரம்தான் எதிரி. சமைக்கும்போது கூரையைத் திறவுங்கள், காலையும் மாலையும் எல்லாவற்றையும் திறந்து காற்று விடுங்கள். போகும் சூடு கால் மணித்தியாலத்தில் திரும்பி வரும். அடுப்பை ஹீட்டராகப் பாவிக்க வேண்டாம், நச்சுவாயு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வைத்திருங்கள். எரிவாயு புரோப்பேனாக இருக்கட்டும். பியூட்டேன் உறைகுளிரில் வேலை செய்யாது. எங்களுக்குப் போகவர 490 கிலோமீட்டர் டீசல் 640, முகாமிடங்கள் 370, மின்சாரம் 96, கடைச் சாமான் 498. எரிவாயு தவிர 1,604 குரோனர்.

இப்போது பிராண்டேயிலும் சமைக்கும்போது யன்னலைத் திறந்து விடுகிறேன். போன கிழமை பிட்டுக்குக் கறி தாளிக்கும் நேரம் மேல்வீட்டுப் பெண் எங்கள் கதவைத் தட்டி என்ன சமையல் என்று கேட்டாள். முறைப்பாடு என்று நினைத்து மன்னிப்புக் கேட்க வாய் திறக்கப் போனேன். அதற்குள் இவர் உள்ளே இருந்து சத்தம் போட்டார்:

"பிட்டெண்டு சொல்லும். தட்டை எடுத்துக்கொண்டு வரட்டாம்."