பூட்டிய வீட்டுக்கு மாத்திரை

கிரிவலப் பாதையை விட்டு உள்ளே இறங்கினால் தகரக் கூரை வீடுகள். காசநோய் மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் மல்லிகாவோடு நடக்கிறேன். உச்சி வெயிலில் தெருவே அடங்கிக் கிடக்கிறது. கடைசி வீட்டு வாசலில் பூட்டு தொங்குகிறது. மல்லிகா ஜன்னலை இரண்டு முறை தட்டுகிறார். மெலிந்த கை ஒன்று வெளியே வந்து காலி மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டு, புது அட்டையை வாங்கிக்கொண்டு மறைகிறது.

“யாருங்க உள்ள?”

“இந்த வீட்டு மருமக. வியாதி வெளிய தெரியக்கூடாதுன்னு, அம்மா வீட்டுக்குப் போயிட்டான்னு சொல்லி வெச்சிருக்காங்க. பூட்டைப் பத்திப் பேசினா மாத்திரையும் வேணாம்பாங்க. நாலு மாசமா முகத்தையே பாத்ததில்லைங்க. காலி அட்டை வந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம்.”

கிளம்புகிறோம். பின்னால் ஜன்னல் மறுபடியும் கிறீச்சிடுகிறது. இப்போது நீண்டிருப்பது வேறு கை, மிகவும் சின்னது. அதில் அட்டை எதுவும் இல்லை. விரித்தபடி காத்திருக்கிறது.