எக்ஸ்பர்ட்னு போடு!

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் எங்கள் பாவா வந்தார். சாப்பாட்டு மேஜையில் தன் புது செல்போனை வைத்தார். வைத்த விதத்திலேயே தெரிந்தது... ஏதோ வில்லங்கம்.

“இன்னாம்மா, உனக்குத்தான் இதெல்லாம் கைவந்த கலையாச்சே. இந்த ஆப்பக் கொஞ்சம் செட் பண்ணிக் குடு.”

பாவா என்றால் என் அக்கா வசந்தாவின் கணவர் தனசேகர். ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிற திருத்தணியில், அக்கா புருஷனை அத்தான் என்று அழைத்தால் சிரிப்பார்கள். பாவாவுக்கு ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் இருக்கிறது. வயது ஐம்பத்தொன்று. எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறுவதென்றால், ஸ்டூலை ஒருவர், அவரை ஒருவர் என்று இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

“என்ன ஆப் பாவா?”

“பறக்கறதுக்கு.”

டிரோன் வாங்கியிருக்கிறார் போல என்று நினைத்தேன். இல்லை. பறக்கப் போவது அவரேதான்!

நூல் வாங்கக் கோயம்புத்தூர் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனவர், மலைப் பக்கம் ஒரு பாராகிளைடிங் பள்ளியில் ஐந்து நாள் ஆரம்பப் பயிற்சி எடுத்திருக்கிறார். பெரிய துணி இறக்கை. அதிலிருந்து தொங்கும் கயிறுகள். உட்கார ஓர் இருக்கை. சரிவில் ஓடினால் காற்று தூக்கிக்கொள்ளும். இன்ஜின் கிடையாது, பிரேக் உண்டு, ஹாரன் கிடையாது. ஒரு சின்ன மேட்டிலிருந்து நாலு தடவை இறங்கியிருக்கிறார். உடனே ஒரு பழைய இறக்கையை வாங்கி வந்து, நண்பர் ஷபீர் பாயின் மெக்கானிக் ஷெட்டில் ஒளித்தும் வைத்துவிட்டார்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“மொதல்ல பறந்து காட்டிட்றேன். அப்புறம் சொல்லிக்கலாம்.”

ஐம்பதைத் தொட்டதும் நம் ஆண்களுக்கு என்னதான் ஆகிறது? ஒருவர் கியர் வைத்த சைக்கிள் வாங்குகிறார். ஒருவர் மாரத்தான் ஷூ வாங்குகிறார். சைக்கிள் ஒரு மாதத்தில் துண்டு காயப்போடும் கொடியாகிவிடும். யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால், வானத்தைக் கொண்டுவந்து வராந்தாவில் நிறுத்திவைக்க முடியுமா?

சரி, ஆப்பைத் திறந்தேன். பறக்கிறவருக்கு இது வழிகாட்டி. எவ்வளவு உயரத்தில் இருக்கிறீர்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எங்கே இறங்கலாம், எந்த வானத்துக்குள் நுழையவே கூடாது - எல்லாம் சொல்லும். மேலே ஏறினால் ‘பீப் பீப்’ என்று குதூகலிக்கும். வேகமாகக் கீழே போனால் ‘ஊ...ங்’ என்று ஒப்பாரி வைக்கும். ஆனால், அதற்கு முன் நம்மிடம் சில கேள்விகள் கேட்கும்.

முதல் கேள்வி: உங்கள் அனுபவம் என்ன? புதியவர், ஓரளவு பழகியவர், எக்ஸ்பர்ட்.

நான் ‘புதியவர்’ பக்கம் விரலைக் கொண்டுபோனேன். பாவா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“எக்ஸ்பர்ட்னு போடு.”

“நாலு தடவைதானே பாவா பறந்தீங்க?”

“புதுசுன்னு போட்டா சும்மா சும்மா கத்திக்கினே இருக்குமாம்மா. காத்து கொஞ்சம் ஏறுனா கத்தும், நெழல் விழுந்தா கத்தும். வீட்ல கேக்கறது பத்தாதா?”

எக்ஸ்பர்ட்.

இரண்டாவது கேள்வி: எடை. “எழுவத்தஞ்சு.” நான் நிமிர்ந்து பார்த்தேன். “கொறைக்கப் போறேன்ல?” என்றார். எழுபத்தைந்து.

மூன்றாவது: அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்? எனக்குக் கேட்கவே தோன்றவில்லை, அக்கா நம்பரை அடிக்க ஆரம்பித்தேன். பாவா பதறிப்போனார்.

“அய்ய! அவ நம்பர் எதுக்கு? உன் நம்பரப் போடு.”

போட்டேன்.

கடைசியாக வரைபடம் திறந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் பெரிய பெரிய சிவப்பு வட்டங்கள். அரக்கோணத்தில் விமானத்தளம் இருக்கிறது. அந்தப் பக்கம் சென்னை. சிவப்புக்குள் அனுமதியில்லாமல் பறக்காதே என்று அர்த்தம்.

“இன்னா ஒரே செவப்பா கீது? அத எடுத்துடு. மேப்பே தெரிய மாட்டேங்குது.”

தேடினேன். மறைக்க ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினேன். சிவப்பு போய்விட்டது. வானம் முழுக்க பாவாவுக்கு!

வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு நேர்மை, ஒழுங்கு என்று வகுப்பெடுப்பவள் நான். அன்றைக்குக் கால் மணி நேரத்தில் மூன்று பொய், ஒரு மறைப்பு. ஒரு பொய்க்குக்கூட விரல் நடுங்கவில்லை. போனில்தானே போடுகிறோம்... போன் என்ன போலீஸா?

மறுநாள் சோதனை ஓட்டம். பாவாவின் பைக்கில், திருத்தணி மலைக்கோயில் ரோட்டில். சட்டைப் பையில் போன், பின்னால் நான். வண்டி ஏற ஏற ‘பீப்... பீப் பீப்...’ வளைவு தாண்டினால் இன்னும் வேகமாக ‘பீபீபீப்’. பாவா முகத்தில் அப்படியொரு பெருமை, தானே இறக்கை அடித்து ஏறுவது போல.

மேலே போய் நிழலில் உட்கார்ந்தோம். கோயில் படியில் நாலு படி ஏறிப் பார்த்தார். மறுபடி பீப். பக்கத்தில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பரிதாபமாகப் பார்த்தார்.

“இன்னாபா, நெஞ்சுல மிசினு வெச்சிருக்காங்களா?”

பாவாவுக்குச் சுருக்கென்றது. “ஆங்... இல்லம்மா, இது ஏரோபிளேன் ஆப்பு.”

“எதுவா இருந்தாலும் மெதுவா ஏறுப்பா. புள்ளக்குட்டிக்காரன்” என்றார் அந்த அம்மாள். அன்றைக்கு மலையில் விவரமாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

அடுத்து வந்த ஞாயிறு. காலை ஏழரை மணி. தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். போனில் மெசேஜ்: ‘தனசேகர் தரையிறங்கிவிட்டார். பன்னிரண்டு நிமிடமாக அசைவு இல்லை. கடைசியாக இருந்த இடத்தைப் பார்க்க இங்கே தொடவும்.’

அசைவு இல்லை.

பாவாவுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. ஷபீர் பாயின் நம்பர் என்னிடம் கிடையாது. தோசைத் திருப்பி கைநழுவி அடுப்பில் விழுந்தது. கூசாமல் ‘எக்ஸ்பர்ட்’ என்று அழுத்திய அதே கைதான்.

அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. ஓடினேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கொட்டினேன். கோயம்புத்தூர், இறக்கை, ஆப், பன்னிரண்டு நிமிடம்.

அக்கா கத்தவில்லை. கோலமாவுக் கையைப் புடவையில் துடைத்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

“ஏறு. வழி சொல்லு.”

வழி சொல்வது அவ்வளவு சுலபமா? அது பறக்கிறவர்களுக்கான ஆப். ரோடெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அம்புக்குறி நேராக ஏரியைக் காட்டியது. அடுத்து ஒரு ரைஸ் மில்லின் கூரை வழியாகப் போகச் சொன்னது. கே.ஜி.கண்டிகை டீக்கடையில் நிறுத்தி, “இந்தப் பக்கம் யாராவது மேலேருந்து விழுந்தாங்களா?” என்று கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அந்தரத்தில் நின்றது. அக்கா வண்டியை இன்னும் முறுக்கினாள். 

ஒரு மொட்டைக் குன்றின் அடிவாரம். வேர்க்கடலைக் கொல்லை. கொல்லை மேல் ஆரஞ்சு நிறத்தில் அவ்வளவு பெரிய துணி விரிந்து கிடந்தது. வேப்ப மரத்தடியில் பாவா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் ஷபீர் பாயின் துண்டு. எதிரே இடுப்பில் கை வைத்தபடி நிலத்துக்கார அம்மாள்.

உயிரோடு இருக்கிறார். நான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

“செடி பூ வெக்கிற நேரத்துல மேல வந்து உழுந்துட்டு, ஆப்பு ஆப்புன்னு சொல்லிக்கினு கீறாரு” என்றார் அந்த அம்மாள் எங்களிடம். “ரெண்டு மாடும் கவுற அறுத்துக்கினு ஓடிட்சி. யாரு இவுரு? உங்க வூட்டுக்காரரா?”

“ஆங்” என்றாள் அக்கா. அந்த ஒற்றை வார்த்தையை ஒரு பெண் இவ்வளவு வெட்கத்தோடு சொல்லி நான் கேட்டதில்லை.

நடந்ததை ஷபீர் பாய் சொன்னார். “நான் மேலயே சொன்னேன்கா. வேணாம் சார், துணி காயப்போட்டாகூட பறந்து போற காத்து இதுன்னு. சார் போனக் காட்டி, ‘ஆப்பு ஒண்ணும் சொல்லல பாய், அப்போ ஓகேதான்’னு ஓட ஆரம்பிச்சிட்டாரு.”

ஆப் ஏன் சொல்லவில்லை? எனக்குத் தெரியும். புதியவராக இருந்திருந்தால் அந்தக் காற்றுக்கு அது ஊரைக் கூட்டியிருக்கும். எக்ஸ்பர்ட்டுக்கு என்ன சொல்வது? அவருக்குத் தெரியாததா என்று மரியாதையாக வாயை மூடிக்கொண்டது. நாம் சொன்னதை அது அப்படியே நம்பியது. அதுதான் அது செய்த ஒரே குற்றம்.

விழுந்த வேகத்தில் போன் எங்கோ தெறித்துவிட்டது. மறுபடி அடித்தேன். கடலைச் செடிக்குள் மணி கேட்டது. நிலத்துக்கார அம்மாள்தான் எடுத்துக்கொடுத்தார். கூடவே ஒரு சொம்பு தண்ணீரும்.

அக்கா பாவாவின் கை, தோள், கழுத்து என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு போனை வாங்கி என்னிடம் நீட்டினாள்.

“இதுல இன்னான்னு எழுதி வெச்சிருக்கீங்க? படி.”

படித்தேன். எக்ஸ்பர்ட். எழுபத்தைந்து கிலோ. அக்காவின் முகம் மாறவில்லை. அவசரத் தொடர்பு என்ற இடம் வந்தது. என் பெயர். என் நம்பர்.

அங்கேதான் அக்காவின் குரல் உடைந்தது.

“ஏங்க... செத்தா யாருக்குச் சொல்லணும்னு கேட்டா, கட்டுனவ நம்பர் கூடவா ஞாபகம் வர்ல?”

“நீ பயப்படுவன்னுதான் வசந்தா...”

“அப்போ இவ பயப்பட மாட்டாளா?” என்று என் பக்கம் திரும்பினாள். “நீயும் கூட்டு. பேப்பர்ல பக்கம் பக்கமா எழுதற. இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தோணல, இல்ல?”

நான் போய் ஆரஞ்சுத் துணியை மடிக்க ஆரம்பித்தேன். 

நாம் எல்லோரும் இப்படித்தான். கல்யாண பயோடேட்டாவில் இரண்டு அங்குலம் கூட்டுகிறோம். இன்சூரன்ஸ் படிவத்தில் சர்க்கரையை மறைக்கிறோம். படிக்காமலேயே ‘படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்று கட்டத்தில் டிக் அடிக்கிறோம். யாரை ஏமாற்றுகிறோம்? நமக்கு ஒன்று ஆனால் நம்மைக் காப்பாற்ற வேண்டிய ஆளை! கேட்டால், “சும்மா ஃபார்மாலிட்டிதானே?”

எக்ஸ்ரேயில் கணுக்காலில் விரிசல். மாவுக்கட்டு, ஆறு வாரம். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அக்கா பயிற்சிப் பள்ளிக்குப் போன் போட்டாள். அங்கே சொல்லிக்கொடுத்தவர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார் போல - குரலே அப்படி இருந்தது. ஐந்து நாள் பயிற்சியோடு தனியாகப் பறக்கவே கூடாதாம். அதுவும் சிவப்பு வட்டத்துக்குள், அந்தக் காற்றில்! மேலே தூக்காமல் கீழே போட்டதற்குக் காற்றுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

அப்புறம் அக்கா ஆப்பைத் திறக்கச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். புதியவர். தொண்ணூற்றிரண்டு. அவசரத்துக்கு வசந்தா. சிவப்பு வட்டங்கள் எல்லாம் திரும்ப வந்தன. பாவா கட்டிலில் படுத்தபடி மெதுவாகக் கேட்டார்.

“அப்போ... இனிமே பறக்கவே கூடாதா வசந்தா?”

“யாரு கூடாதுன்னது? காலு சரியாவட்டும். அந்த ஸ்கூலுக்கே போய் முழுசா கத்துக்கினு வா. நானும் வரேன்.”

பாவா முகத்தில் முதலில் சந்தோஷம்... பிறகு, ‘நானும் வரேன்’ என்பதன் முழு அர்த்தம் புரிந்ததும் கொஞ்சம் கலவரம்.

அந்த நேரம் பார்த்து ஆப் ஒரு சத்தம் போட்டது. ‘வாழ்த்துகள்! உங்கள் பயணம் பதிவாகிவிட்டது. பறந்த நேரம்: நாற்பத்தொரு விநாடி. தரையிறக்கத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’

“மூணு ஸ்டாராவது குடு” என்றார் பாவா.

அக்கா யோசித்து ஒரே ஒரு நட்சத்திரத்தை அமுக்கினாள். “அதுவும் உங்களுக்கில்ல. தண்ணி குடுத்தாங்களே, அந்தம்மாவுக்கு!”