பயணம் சொல்லாமல் போனது

நீல நிறத் தகர டப்பா. ஒரு காலத்தில் அதில் பிஸ்கட் இருந்தது. மூடியில் இருந்த குதிரை வண்டிப் படம் தேய்ந்து இப்போது சக்கரம் மட்டும்தான் தெரிகிறது. ஒரு பக்கம் ஒடுங்கியிருப்பதால், மூடியை அந்த ஒடுக்குக்கு நேராக வைத்து அழுத்தினால்தான் மூடும். லாத்தா பேசிக்கொண்டே மூடிவிடுவார். எனக்கு இன்றுவரை இரண்டு மூன்று தடவை முயன்றால்தான் வருகிறது. லாத்தா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்கா. என் கூடப்பிறந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவரை இளவயதிலேயே இழந்தவர். காரைக்காலில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரே மகளோடு இருந்தார். நான் வெளிநாடு கிளம்பும்போதெல்லாம் இந்த டப்பா நிறைய இஞ்சி மரப்பா செய்து தருவார், விமானத்தில் எனக்குக் குமட்டும் என்று. முதல் தடவை துபாய்க்கு வேலைக்குப் போனபோது குமட்டியது உண்மை. அதற்குப் பிறகு குமட்டவே இல்லை என்பதை நான் அவரிடம் சொன்னதில்லை, மரப்பா நின்றுவிடுமே.

எங்கள் ஊரில் கடல் தாண்டிப் போகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்ப மாட்டார்கள். முந்தின நாள் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கிப் பயணம் சொல்ல வேண்டும். "குத்தங்குறை இருந்தா பொறுத்துக்கிட்டு துஆ செய்யுங்க" என்று கேட்க வேண்டும். பொறுத்தோம் என்று அவர்கள் சொல்லி, பிரார்த்தித்து அனுப்புவார்கள். கப்பலில் போனவன் திரும்புவானா என்று தெரியாத காலத்து வழக்கம். துபாய் வேலையை முடித்து ஊரோடு வந்த பிறகு, வருடத்துக்கு ஒரு தடவை ஊர் சுற்றக் கிளம்பியபோதும் நான் அதை விடவில்லை. லங்காவியில் கடல் குளிக்கப் போகிறவனுக்கு எதற்குப் பாவமன்னிப்பு என்று என் மனைவி கேலி செய்வாள். கடைசியாக லாத்தா வீடு. ஓதி என் முகத்தில் ஊதி, டப்பாவைக் கையில் கொடுப்பார். திரும்பி வந்ததும் அதை வெறுமனே கொடுக்கக் கூடாது, அதுவும் வழக்கம்தான். லங்காவியிலிருந்து கிளிஞ்சல், இஸ்தான்புல்லிலிருந்து பிஸ்தா மிட்டாய் என்று நிரப்பிக்கொண்டு வருவேன். அதை மடியில் வைத்துக்கொண்டு லாத்தா கதை கேட்பார். மசூதி எத்தனை நூற்றாண்டு பழையது என்று நான் ஆரம்பித்தால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அங்கே மீன் விற்பது ஆணா பெண்ணா, வெயில் காலத்தில் எங்கே படுப்பார்கள் என்பதுதான் அவர் கேள்விகள். பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியாது. இவ்வளவு செலவு செய்து போய் என்னத்தைத்தான் பார்த்தாய் என்று கடிந்துகொள்வார். எங்கள் உம்மா படுக்கையில் கிடந்த ஒன்பது வருடமும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது அவர்தான். நான் அப்போது துபாயில் இருந்தேன்.

லாத்தா ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. ஒட்டகச்சிவிங்கி. டிவியில் பார்த்திருந்தார். கூண்டில் இல்லாமல், அது பாட்டுக்கு நடந்து போகிறதைப் பார்க்க வேண்டும். மக்காவுக்கு உம்ரா அழைத்துப் போகிறோம் என்று சொந்தத்தில் எத்தனையோ பேர் சொன்னார்கள். அதற்கும் போக வேண்டும்தான், ஆனால் இது வேறு கணக்கு என்பார். ஒருநாள் சாப்பிட்ட கை காயாமல், பாஸ்போர்ட் எடுங்கள் லாத்தா, அடுத்தது கென்யாதான் என்று சொல்லிவிட்டேன். நான் அதை மறந்தும் போனேன். அவர் மறக்கவில்லை. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் எந்த நாட்டுக்கு என்று கேட்டதற்கு, ஒட்டகச்சிவிங்கி இருக்கிற நாட்டுக்கு என்று சொல்லி அவருக்கு டீயும் கொடுத்து அனுப்பினாராம். வெள்ளை கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கினார். சாயங்காலம் அஸர் தொழுததும் புர்காவுக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு, மகள் கையைப் பிடித்துக் கடற்கரை ரோட்டில் நடக்கப் பழகினார்.

அப்புறம்தான் துபாய் நண்பர்கள் கென்யாவுக்கு ஏற்பாடு செய்தார்கள். ஆறு பேருக்கு ஒரு ஜீப். லாத்தாவால் அந்தக் குலுக்கலைத் தாங்க முடியாது, அவருக்காக எல்லாரும் நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். நண்பர்கள் யாரும் சொல்லவில்லை, நான்தான் நினைத்தேன். அங்கே போக மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்கு அதைப் போட யோசிப்பார்கள் என்று யாரோ சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. லாத்தாவிடம் போனில், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, மெட்ராஸ் போய் டெஸ்ட் எடுத்துவிட்டு வருகிறேன், பத்து நாள் ஆகும் என்றேன். அந்த ஒரு தடவைதான் நான் பயணம் சொல்லாமல் போனேன்.

நாங்கள் போன மூன்றாம் நாள் ஒரு குட்டை ஓரத்தில் ஜீப்பை நிறுத்தினார்கள். ஒட்டகச்சிவிங்கி ஒன்று தண்ணீர் குடிக்க வந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து குனிய முடியாமல் முன்னங்கால் இரண்டையும் மெல்ல மெல்ல அகட்டி, நடுவில் பயந்து நிமிர்ந்து, மறுபடி அகட்டியது. முழங்கால் வலியோடு தொழுகைப் பாயில் உட்காரப் பார்க்கும் லாத்தாவைப் போலவே இருந்தது. அவர் பார்த்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார். அந்த நேரம் பார்த்துப் போனில் அவருடைய குரல் செய்தி வந்து விழுந்தது. "டாக்டர் என்ன சொன்னாரு தம்பி? பயப்படாதே. உனக்காக மூணு நோம்பு நேந்திருக்கேன், இன்னிக்கு ரெண்டாவது." நண்பர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர்களோடு சேர்ந்து நின்றேன். அந்தப் படத்தை, அவர்களில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். அழிக்கச் சொன்னேன், அழித்தார். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஊருக்கு வந்த மறுநாள் லாத்தா ஆட்டுக்கால் சூப்போடு வந்துவிட்டார். கறுத்துப்போயிருந்த என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மெட்ராஸில் வெயில் அதிகமோ என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் குடித்து முடிக்கும் வரை இருந்து, பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் கடற்கரை ரோட்டில் நடக்கவில்லை. முழங்கால் வலி கூடியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். நம்மைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் எதை வேண்டுமானாலும் நம்ப முடிகிறது.

அடுத்த வருடம் சமர்கந்துக்குக் கிளம்பினேன். வழக்கம்போல் அவர் வாசலில் நின்று, குத்தங்குறை இருந்தா பொறுத்துக்குங்க லாத்தா என்றேன்.

"போன தடவைக்கும் சேத்துக் கேட்டுக்க தம்பி" என்றார்.

குரலில் கோபம் இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, வா என்று நின்றார், அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "போன தடவை மெட்ராஸ்தானே லாத்தா, அதுக்கெல்லாமா கேப்பாங்க?" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "சரி, மெட்ராஸ்தான்" என்று சொல்லி, ஓதி ஊதி, டப்பாவைக் கொடுத்தார். சமர்கந்தின் நீலக் கோபுரங்களுக்குக் கீழே நின்றபோதெல்லாம் என் காதில் அந்த வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தை நிரப்பிக்கொண்டு வந்து கொடுத்தேன். சொல்லவில்லை. மூன்று மாதத்தில் லாத்தா மவுத்தாகிவிட்டார். மதியம் லுஹர் தொழுது முடித்துப் படுத்தவர், அஸருக்கு எழுந்திருக்கவில்லை.

ஜனாஸா தொழுகைக்கு முன்னால், இறந்தவர் சார்பாக நெருங்கிய ஆண் ஒருவர் எழுந்து கூட்டத்தாரிடம் பொறுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். லாத்தாவுக்கு மகன் இல்லை. நான்தான் நின்றேன். "எங்க லாத்தா யார் மனசையாச்சும் நோவடிச்சிருந்தா பொறுத்துக்குங்க" என்றேன். பொறுத்தோம், பொறுத்தோம் என்று பள்ளிவாசல் முழுக்கக் குரல் எழுந்தது. அந்தக் கூட்டத்தில் அவரிடம் பொறுக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தவன் நான் ஒருவன்தான். கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் துணி மூடிக் கிடந்தார்.

நாற்பதாம் நாள் அவர் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "படத்த நான்தான் மாமா உம்மாகிட்ட காட்டினேன். மூணாவது நோம்பு அன்னிக்கு. அதையும் புடிச்சு முடிச்சாங்க" என்றாள். நீயாவது பொறுத்தேன் என்று சொல்லேன் என்று கேட்டேன். "அது எங்கிட்ட இல்லையே மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து தந்தாள். என்னுடைய அடுத்த பயணத்துக்கு என்று லாத்தா முன்கூட்டியே செய்து வைத்த மரப்பா அதில் இருந்தது.

அதற்குப் பிறகு நான் எங்கும் போகவில்லை. மரப்பா தீர்ந்துவிட்டது, தினம் ஒன்றாகத் தின்று தீர்த்தேன். ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிக்கும் படத்தை அச்செடுத்து உள்ளே வைத்துப் பார்த்தேன். மறுநாளே எடுத்துவிட்டேன். டப்பா என் மேசைமேல்தான் இருக்கிறது. அவர் மகள் வீடு அடுத்த தெருதான், கொண்டுபோய்க் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. வெறுமனே கொடுக்கக் கூடாது. அதில் போட என்னிடம் ஒன்றும் இல்லை.