நாய்க்குப் போர்த்திய வெள்ளைத் துணி

துரைராஜ் சார் இறந்த செய்தி எனக்குக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ‘காலையில் ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார்’ என்று ஒரு வரி. அதன் கீழே வரிசையாகக் கைகூப்பல்கள். நடுவில் ஒருவர், பாறை மீன் வந்திருக்கிறது, வேண்டியவர்கள் சொல்லவும் என்று போட்டிருந்தார். யார் என்று உங்களுக்குத் தெரியும்.

அரை மணி நேரத்தில் நம் சபைக் கமிட்டிச் செயலர் ஞானமுத்து போன் செய்தார். இரங்கல் சொல்ல அல்ல.

“சார், செய்தி பாத்தியளா? அன்னைக்கு நீங்க எழுதிக் குடுத்த லெட்டர் காப்பி கையில இருக்கா? ஒழுங்கு நடவடிக்கையில இருக்க ஆளுக்குப் போதகர் கல்லறைக்கு வர முடியாதுல்லா. கேட்டாவன்னா காட்டணும்.”

அந்த மனிதரின் உடலை அப்போது இன்னும் குளிப்பாட்டியிருக்கவில்லை.

இப்போது சபை மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அதே கமிட்டி கேட்டிருக்கிறது. எழுதுகிறேன். அச்சிடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

துரைராஜ் சார் துறைமுகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி எஸ்தர் டீச்சர் நாசரேத் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியவர். என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே மதில். நான்கு வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார்கள். வந்த வருஷம் அக்டோபர் கடைசி நாளில் ஹாலோவீன் என்று ஒரு பேய்வேஷ விழாவை ஆரம்பித்தார்கள். பேரப்பிள்ளைகள் போனில் பார்ப்பார்களாம்.

எனக்கு அது அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் எஸ்தர் டீச்சர் தலையை விரித்துப் போட்டு, வெள்ளைச் சேலையில் மோகினியாக வாசலில் நின்றார். சார் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கொள்ளிவாய்ப் பிசாசு என்றார். அவர்கள் வளர்த்த நாட்டு நாய் ஜிம்மியின் மேல் ஒரு பழைய வெள்ளைப் பெட்ஷீட்டைப் போர்த்தி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். தெருப் பிள்ளைகள், “மக்ரூன் தாறியளா, பேயாப் பிடிக்கட்டுமா?” என்று கத்திக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். பெரியவர்களோ அந்த வீட்டு முற்றத்தில் அந்த முந்திரி இனிப்பைத் தட்டுத் தட்டாக வாங்கித் தின்றார்கள். உங்களில் வராதவர் ஒருவரும் இல்லை, என்னைத் தவிர. என் அப்பாவை அடக்கம் செய்து அன்றைக்குப் பதினாறு நாள் ஆகியிருந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து அவ்வளவு சிரிப்பையும் கேட்டேன்.

மறுநாள் காலையில் சார் வந்தார். காது மடலில் கரி இன்னும் போகவில்லை. “தம்பி, நாங்க யோசிக்காம இருந்துட்டோம்” என்றார். நான் கதவைப் பாதிதான் திறந்தேன். அவர் போவதாக இல்லை. “செத்தவங்களுக்குப் பயப்பட வருஷத்துல ஒரு நாள் போதும் தம்பி. பாக்கி நாளெல்லாம் உயிரோட இருக்கவங்களுக்குப் பயப்படவே சரியாப் போகுது” என்றார். ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். நான் கதவைச் சாத்தினேன்.

அதே காலையில்தான் அந்தப் பூசணிக்காய்க் கூத்தும் நடந்தது. கண்ணும் பல்லும் வெட்டி வாசலில் வைத்திருந்த பூசணிக்காயை, தெருமுனைப் பலசரக்குக் கடை கொம்பையா அண்ணாச்சி எடுத்துக்கொண்டு போய்க் குங்குமம் தடவி, கற்பூரம் ஏற்றி, முச்சந்தியில் போட்டு உடைத்துவிட்டார். “திருஷ்டி கழிச்ச காயை வாசல்ல வச்சிருக்கக் கூடாதுல்லா சார். வயசானவிய, மறந்துட்டியளோன்னு நான் செஞ்சிட்டேன்” என்றாராம். சார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அடுத்த வருஷம் தானே அண்ணாச்சியை அழைத்து, வெற்றிலை பாக்குக் கொடுத்து உடைக்கச் சொன்னார்.

சபையில் புகைய அது போதுமாக இருந்தது. ஞானமுத்து என்னிடம் வந்து, “நீங்க படிச்சவிய, நல்லா எழுதுவிய” என்றார். எழுதினேன். அடியில் ‘உண்மையுள்ள விசுவாசிகள் சிலர்’ என்று போட்டேன். பூசணிக்காய் மட்டும் போதாது என்று பட்டது. ஆகவே, நாய்க்குப் போதகரின் அங்கியை உடுத்திச் சிலுவையும் மாட்டிக் கேலி செய்தார் என்று சேர்த்தேன். அது பொய்.

கமிட்டி விசாரித்தபோது சார், “அது பெட்ஷீட்டு. வேணும்னா ஜிம்மியைக் கூட்டிட்டு வாரேன், கேட்டுப் பாருங்க” என்றார். அதைத் திமிர் என்று எழுதிக்கொண்டார்கள். அந்த முற்றத்தில் தின்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நாயைக் கவனிக்கவில்லை என்றார் ஒருவர். இருட்டிவிட்டது என்றார் இன்னொருவர். மக்ரூனில் முந்திரி கொஞ்சம் குறைவு என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது. நானும் அங்கே இருந்தேன், வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு வருஷம் அவருக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது. மற்றவர்கள் எழுந்து பீடத்துக்குப் போகும்போது அவர் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார். ஆராதனை முடிந்து அவரைத் தாண்டித்தான் நானும் வெளியே போனேன், நீங்களும் போனீர்கள்.

அடக்கத்தன்று ஃப்ரீசர் பெட்டிக்கு அடியில் ஜிம்மி படுத்திருந்தது. பந்தலில் டீ குடித்துக்கொண்டே ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், “பேயைக் கூப்ட்டு நடுவீட்டுல வச்சா அது சும்மா போவுமாளா?” என்றாள். ஹாலோவீனுக்குப் பிள்ளைகள் இரண்டுக்கும் தானே மீசை வரைந்து அனுப்பியவள் அவள். குடிக்க எடுத்த டீயைக் கீழே வைத்தேன். அவளைப் பார்த்து மட்டும் அல்ல.

அப்போது கொம்பையா அண்ணாச்சி ஞானமுத்துவிடம் வந்தார். “சாருக்குச் செபம் பண்ணப் போதகர் வர மாட்டாராமே? நான் உடைச்ச பூசணிக்காயா காரணம்? நான் வேணும்னா அவிய கால்ல விழுதேன் அண்ணாச்சி. சாரை அப்படியே அநாதையாக் கொண்டு போயிராதிய” என்றார்.

அங்கே இருந்த விசுவாசிகள் அத்தனை பேரிலும் கேட்க வந்தவர் அவர் ஒருவர்தான். நான் எழுந்து சொன்னேன்: “பூசணிக்காய் இல்லை அண்ணாச்சி. நாய்க்கு அங்கி போட்டதாக எழுதினது நான். பொய்யாக எழுதினேன்.”

“சார், இங்கன வச்சா இதைப் பேசுவிய?” என்று ஞானமுத்து என் கையைப் பிடித்தார். உதறிவிட்டுப் போதகர் வீட்டுக்கு நடந்தேன். அவர் முன்னால் உட்கார்ந்து எழுதி, இந்தத் தடவை என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். நாலு மணிக்குப் போதகர் அங்கியோடு வந்தார். கல்லறையில் செபம் நடந்தது.

மறுநாள் எஸ்தர் டீச்சரிடம் போனேன். சொல்ல ஆரம்பிக்கும் முன்பே, “அவியளுக்குத் தெரியும்” என்றார், சாரின் படத்தைக் காட்டி.

“எப்ப இருந்து?”

“கமிட்டியில லெட்டரை வாசிச்ச அன்னைக்கே. வீட்டுக்கு வந்து, ‘இது மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்’னு சிரிச்சாவ. சொல்லுங்களேன்னு நான் சண்டை போட்டேன். ‘அப்பா செத்த வீட்டுப் பக்கத்துல நாம சிரிச்சோம்லா, அதுக்கு இது சரியாப் போச்சு’ன்னுட்டாவ.”

சரியாகப் போகவில்லை. ஒரு சாயங்காலச் சிரிப்புக்கு இரண்டு வருஷக் கடைசிப் பெஞ்சு எந்தக் கணக்கிலும் சரியாகாது. அந்தக் கணக்கு டீச்சருக்கு அது தெரியாமல் இருக்காது.

அவருடைய சிரிப்பையும் தாராளத்தையும் இந்த மலரில் நீங்கள் எழுதுவீர்கள். அவை உங்களுக்கே இருக்கட்டும். என்னிடம் இருப்பது அவர் சொல்லாமல் விட்ட என் பெயர். இரண்டு வருஷம், ஒவ்வொரு ஞாயிறும், நாம் அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அது அவர் வாய்க்குள் இருந்திருக்கிறது. ஒரு தடவைகூட அவர் அதை வெளியே துப்பவில்லை.