ரவிக்கையின் உள் பாக்கெட்

எங்கள் பக்கத்தில் பஸ் ஏறி வேலைக்குப் போகும் பெண்கள் பலருடைய ரவிக்கைக்குள் ஒரு சின்னப் பாக்கெட் இருக்கும். இடது பக்கம், உட்புறமாக, துணியோடு துணியாகத் தைத்திருக்கும். சில்லறை, வீட்டுச் சாவி, தலைவலி மாத்திரை என்று அவரவர் வசதிக்கு எதையாவது வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் கைப்பையை அறுத்துக்கொண்டு போனாலும் அது மிஞ்சும். அப்படி ஒன்று இருப்பது போட்டிருப்பவளுக்கும் தைத்தவளுக்கும்தான் தெரியும்.

என்னுடைய பாக்கெட்டில் என் தாலி இருந்தது.

என் வீட்டுக்காரர் இறந்தபோது தாலியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். "மாதா கோயில் உண்டியல்ல போட்டுடு. அவன் பேரால போய்ச் சேரட்டும்" என்று அத்தை சொன்னார். அத்தை என்றால் என் மாமியார். மகனைப் பறிகொடுத்த மனுஷி கேட்கிறார், மறுத்துப் பேச வாய் வரவில்லை. கைக்குட்டைத் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு போனேன். உண்டியல் முன்னால் நின்றேன். திரும்பி வந்து, "போட்டுட்டேன் அத்தை" என்றேன்.

பாசம் என்று யாராவது நினைத்தால் என் வீட்டுக்காரரே கல்லறையிலிருந்து எழுந்து வந்து சிரிப்பார். நாங்கள் சண்டை போடாத நாள் கிடையாது. ரசத்தில் உப்பு கூடினாலும் சண்டை, குறைந்தாலும் சண்டை. ஆனாலும் அதை அந்தத் துளைக்குள் தள்ள எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எனக்கு விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை. சூளையிலிருந்து வரும் பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல பீஸ் கணீரென்று பேசும். உள்ளே விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் மொத்தையாக வரும். அதைத் தூக்கி ஓரமாகப் போடுவேன். என் காதுதான் எங்கள் வீட்டில் சோறு போடுகிறது.

அன்றைக்கு மாசி மகம். ஊரே கோயிலுக்கும் ஆற்றுக்கும் வந்துகொண்டிருந்தது. எங்கள் கம்பெனிக்கு லீவு இல்லை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் மூச்சு விட இடமில்லாமல் நின்று வந்தேன். எனக்கு முன்னால் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா நின்றிருந்தார். பாலக்கரை ஸ்டாப்பை நெருங்கும்போது அவர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "என் செயினக் காணோம்" என்றார்.

பஸ் ஓரங்கட்டப்பட்டது. பந்தோபஸ்துக்காக வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு எஸ்.ஐ. அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் வந்து கேட்ட முதல் கேள்வி, "இவங்க பின்னாடி யாரு நின்னது?" பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. இத்தனைக்கும் பாதிப் பேர் தினமும் என்னோடு வருகிறவர்கள்.

கீழே இறங்கச் சொன்னார். இறங்கினேன். பையைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். சோற்று டப்பா, தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு. "வேற எங்கயாவது வச்சிருக்கியா?" என்று கேட்டார். என் கை தானாக நெஞ்சுக்குப் போனது. கூட்டத்தில் நிற்கும்போதெல்லாம் அங்கே தொட்டுப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். அந்தப் பாழாய்ப்போன வழக்கம் அவர் கண் முன்னாலேயே வந்து நின்றது.

"அங்க என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

என் குரல் எனக்கே கேட்டது. மொத்தையாக இருந்தது. என் கைக்கு வந்திருந்தால் நானே ஓரமாகப் போட்டிருப்பேன்.

அந்த எஸ்.ஐ.யைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் கத்தவில்லை, கை நீட்டவில்லை, அசிங்கமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "பொம்பளைய பொம்பளதான் சோதனை போடணும். ரூல்ஸ் எனக்குத் தெரியும்" என்று பக்கத்திலிருந்த போலீஸ்காரரிடம் சொன்னார். பெண் போலீஸ் எல்லாரும் கோயில் பக்கம் போயிருந்தார்கள். சுற்றும் முற்றும் பார்த்தார். ரோட்டுக்கு எதிர்ப்புறம் லேடீஸ் டெய்லர் என்று போர்டு தெரிந்தது. உள்ளே ஒரு பெண், ஒரு திரை. அவருக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருந்தது.

அது என் டெய்லர் கடை.

அவள் என்னைவிட இளையவள். என்னை அக்கா என்பாள், நான் அவளைப் பாப்பா என்பேன். பல வருஷமாக என் அளவு அவளிடம்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் இளைத்துப்போனதை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். அந்தப் பட்டுப்புடவை அம்மாவைக் கடை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். என்னைத் திரைக்குப் பின்னால் போகச் சொன்னார்கள்.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா, சார் சொல்றாரு" என்றாள். நான் அவளை நம்பினேன். ஒப்புக்கு நாலு இடம் தொட்டுவிட்டு வெளியே போய் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். தோள், முதுகு, இடுப்பு என்று அளவெடுப்பதைப் போலவே தொட்டாள். பிறகு அவள் கை நேராக இடது பக்கம் போனது. தேட வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. தைத்ததே அவள்தானே.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் பாப்பா."

"நான் எடுக்கலன்னா என்னையும் சேத்துக் கேப்பாங்க அக்கா. நான் கடை வச்சிப் பொழைக்கிறவ" என்றாள். சத்தம் வராமல்தான் சொன்னாள். என் கையை விட்டுவிட்டேன்.

அவள் திரையை விலக்கிக்கொண்டு போனாள். நான் கொக்கியை மாட்டிக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே வந்தேன். கடை வாசலில் ஊர்வலம் பார்க்க நிற்கிற மாதிரி ஜனம். எஸ்.ஐ. கைக்குட்டை முடிச்சைப் பிரித்தார். தங்கம் என்றதும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. பட்டுப்புடவை அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னோடது இல்லைங்க. இது ஏதோ சிலுவை போட்ட தாலி" என்றார்.

அதோடு முடிந்திருக்கலாம். எஸ்.ஐ. என் கழுத்தைப் பார்த்தார். "தாலிய கழுத்துல போடாம எதுக்கு உள்ள வச்சிருக்க?"

"அவரு இல்லைங்க சார்."

"அப்புறம் எதுக்கு வச்சிருக்க?"

திருடி இருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. தலையைக் குனிந்தேன். குதிகால் வெடிப்பில் கம்பெனிக் களிமண் வெள்ளையாகத் தெரிந்தது. எவ்வளவு தேய்த்தாலும் அது போவதில்லை. ரவிக்கையை அவிழ்த்தபோதுகூட நான் அப்படிக் கூசிப்போகவில்லை. நிமிர்ந்தபோது கூட்டத்தில் ஒரு முகம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்களுக்கு முன் வரிசையில் உட்காருகிறவர். என்னைப் பார்க்காத மாதிரி அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தைக்குச் செய்தி போய்விடும் என்று அப்போதே தெரிந்துபோனது.

"ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வாங்க" என்றார் எஸ்.ஐ. பட்டுப்புடவை அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தார். அவர் காலடியில் ஏதோ விழுந்து சத்தம் கேட்டது. செயின்தான். கொக்கி விட்டுப்போய் அவருடைய கொசுவத்துக்குள்ளேயே இறங்கிக் கிடந்திருக்கிறது. அந்த அம்மாவைச் சோதனை போட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதுதான் கொடுமை.

"பாத்துப் போடக் கூடாதாம்மா?" என்று அவரை லேசாகக் கடிந்துகொண்டார் எஸ்.ஐ. என் தாலியை என் கையில் வைத்து, "போம்மா, வேலையப் பாரு" என்றார். போனேன். வேலையையும் பார்த்தேன். அன்றைக்கு விரிசல் பீஸ் எத்தனையை நல்லதென்று தள்ளிவிட்டேனோ, தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் பிளேடை எடுத்து எல்லா ரவிக்கையிலும் இருந்த பாக்கெட்டைப் பிரித்துப் போட்டேன். தாலி பீரோவில் புடவைகளுக்கு அடியில் போனது. அந்தக் கடைப் பக்கம் பிறகு போகவில்லை. பாலக்கரையில் இறங்கினால் எதிர்ச்சாரியிலேயே நடந்துவிடுவேன்.

அத்தை ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போலச் சாப்பிட்டார், ஜெபமாலை சொன்னார், டிவி பார்த்தார். பொய் சொன்னவள் என்று தெரிந்த ஒருத்தி கையால் தினமும் சோறு வாங்கிச் சாப்பிடுகிறாரே என்று எனக்குத்தான் உறுத்தும். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவும் இல்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், பங்குக் கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். கடலூரிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்து சட்டம் பற்றிப் பேசினார். போலீஸ் பிடித்தால் எதற்குப் பிடிக்கிறோம் என்று சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் கொடுக்க வேண்டும், பெண்ணைப் பெண்தான் சோதனை போட வேண்டும், அதுவும் கண்ணியமாக. அவர் சொல்லச் சொல்ல, அந்த எஸ்.ஐ. ரூல்ஸ்படிதான் நடந்தார் போலிருக்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. என்னையும் அறியாமல் எழுந்துவிட்டேன்.

"மேடம், அரெஸ்ட் பண்ணாமலே சோதனை போடலாங்களா?"

"பையைக் காட்டச் சொல்லிக் கேக்கலாம். உடம்பைத் தொட்டுச் சோதனை போடணும்னா மொதல்ல கைது செஞ்சிருக்கணும்மா. காரணமும் சொல்லியிருக்கணும். பொம்பளைய வச்சி சோதனை போடுறதுங்கறது அதுக்கு அப்புறம் வர்ற ரூல். முன்னாடி இருக்கறத விட்டுட்டு அத மட்டும் எடுத்துக்கக் கூடாது" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "யாருக்கு நடந்துச்சு?" என்று கேட்டார்.

எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நியாயம் என் பக்கம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டிருக்கிறேன், ஆனாலும் வாய் திறக்க முடியவில்லை. "சும்மாதான் கேட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அத்தை எழுந்து நின்றார்.

"இவளுக்குத்தாம்மா. என் மருமவ."

"என்னம்மா எடுத்தாங்க இவங்ககிட்டேருந்து?"

"எங்க வூட்டுப் பொருளுதான். என் மவன் கட்டுனது" என்று சொல்லிவிட்டு அத்தை உட்கார்ந்துகொண்டார். எழுதிக் கொடுத்தால் மேலதிகாரிக்குப் புகார் அனுப்பலாம் என்று வக்கீலம்மா சொன்னது காதில் விழுந்தது. நான் அத்தையின் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். உண்டியலில் போட்டேன் என்று சொன்னாயே என்று இப்போது கேட்பார், இதோ கேட்பார் என்று வழி நெடுகக் காத்திருந்தேன். எதுக்கு வச்சிருக்க என்று கேட்டால் அன்றைக்குப் போலவே எனக்குப் பதில் கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அத்தை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்தத் தையக்காரிகிட்ட இனிமே போவ வேணாம். ரவிக்கைய எடுத்து வையி, பாக்கெட்ட நானே தச்சுத் தரேன். நீ ஊசியில நூலு மட்டும் கோத்துக் குடுத்துடு, எனக்குக் கண்ணு தெரியாது."