எல்லாருக்கும் முழு உரிமை

எழுந்து நின்றுதான் அந்தப் பொத்தானை அழுத்துவார் இம்மானுவேல். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மவுஸை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி உட்காருவார். காளவாசலில் மாடியில் இருக்கிற அந்தக் கட்டுமான அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அவருக்கு இடுப்புவலி என்றுதான் முதலில் நினைப்பார்கள். "ஒருத்தர உள்ள விடுறோம்ல, உக்காந்துக்கிட்டா வாங்கன்னு சொல்றது?" என்பார் அவர்.

உள்ளே விடுவது வாசல் வழியாக அல்ல. வீடு கட்டக் கொடுத்தவர்கள் தங்கள் வீட்டு வரைபடங்களைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ள அலுவலகம் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு ஃபோல்டர். வாடிக்கையாளரை அதில் கெஸ்ட்டாகச் சேர்த்து, 'பார்க்க மட்டும்' என்ற கட்டத்தில் டிக் அடித்து, அழைப்பு அனுப்ப வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்ட இந்த வேலையில் இம்மானுவேலுக்குக் கஷ்டம் என்று எதுவும் இல்லை, அந்த 'மட்டும்' தவிர.

சொந்தமாக வீடு கட்டுகிறவரையே பார்க்க மட்டும் விடுவது, ஆளைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு இலை போடாமல் உட்காரவைப்பதுபோல அவருக்குப் பட்டது. அதனால் அடுத்த கட்டமான 'முழு உரிமை'யில் டிக் அடித்துவிடுவார். முழு உரிமை உள்ளவர் வரைபடத்தை மாற்றலாம், அழிக்கலாம், வேறு ஆட்களையும் உள்ளே அழைக்கலாம். முதலாளியான இன்ஜினியர் தமிழ்வாணி மாதம் ஒருமுறை பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைப்பார்.

"அண்ணே, இந்த ஃபோல்டர்ல நம்மளவிட கெஸ்ட்டுதான் ஜாஸ்தி இருக்காங்க."

"அவுங்க மாமனாரும் கேட்டாருங்க மேடம். பெரிய மனுசன், மூஞ்சியப் பாத்து எப்புடி முடியாதுங்கறது?"

மாமனார் கேட்டது மின்னஞ்சலில். முகத்தை எங்கே பார்த்தார் என்று தமிழ்வாணி கேட்டதில்லை.

இது பழைய வியாதி. பேரையூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் பத்தொன்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தபோது சாவிக்கொத்து இவர் இடுப்பில்தான் தொங்கியது. கேட்டவருக்கெல்லாம் மாற்றுச்சாவி அடித்துக் கொடுத்து, இவர் வேலையை விடும்போது தலைமையாசிரியர் அறைக்கு மட்டும் ஊருக்குள் பதினொரு சாவி இருந்தது. அவரே சொல்லிச் சிரிப்பார். "ஆண்டவரு எனக்கு இம்புட்டு நீளத்துக்கு நாக்க வச்சாரு. அதுல 'முடியாது'ங்கற வார்த்தைய மட்டும் வைக்க மறந்துட்டாரு."

சிரிக்க முடியாமல் போனது மெஹருன்னிசாவின் ஜன்னலில்தான்.

மெஹருன்னிசாவும் கணவர் அப்துல் வஹீதும் பழைய நகரத்துச் சந்தொன்றில் முப்பது வருடம் வாடகைக்கு இருந்தவர்கள். வஹீதுக்குப் பாத்திரக்கடை. அந்த வீட்டு அடுப்படியில் பட்டப்பகலிலும் லைட் போட்டால்தான் அடுப்பில் கொதிப்பது கண்ணுக்குத் தெரியும். சொந்த வீடு என்று வந்தபோது மெஹருன்னிசா கேட்டது ஒன்றே ஒன்று. "அடுப்புக்கு நேரா ஒரு ஜன்னல் வேணும் தம்பி. நல்லாப் பெருசா." இம்மானுவேல் அதைச் சேர்த்து வரையச்சொல்லி, புதிய படத்தை ஃபோல்டரில் போட்டு, வஹீதுக்கு அவர் எதிரிலேயே எழுந்து நின்று அழைப்பு அனுப்பினார். முழு உரிமையோடு.

போன வாரம் சைட்டுக்குப் போனால், கொத்தனார் கண்ணுச்சாமி அடுப்படிச் சுவரைத் தலைக்கு மேலே எழுப்பி முடித்திருந்தார். ஜன்னலைக் காணோம். "ஃபோல்டர்ல இருந்த படத்தப் பாத்துத்தான்ணே கட்டுனேன்" என்றார்.

மென்பொருள் எதையும் மறப்பதில்லை. ஞாயிறு காலை அப்துல் வஹீது புதிய படத்தை நீக்கியிருந்தார். பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று தடவிய விரல் எங்கோ பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய, ஜன்னல் இல்லாத படம் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

பட்டது யார் விரல் என்பதை மெஹருன்னிசாவிடம் மட்டும் சொன்னார் இம்மானுவேல். சுவரை உடைத்தார்கள். செங்கல் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற மெஹருன்னிசா யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. இம்மானுவேலுக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். இரண்டு நாள் கழித்து மெஹருன்னிசாவே ஃபோனில் கூப்பிட்டார். "நாளைக்கு மறுபடி அந்தச் சொவர எழுப்புறாங்களாம் தம்பி. அதுக்குள்ள அவரு ஃபோன்ல அந்த உரிமைய எடுத்துருங்க. ஆனா அவரு மனசு கோணக் கூடாது."

அன்று சாயங்காலமே வஹீதை அலுவலகத்துக்கு அழைத்தார் இம்மானுவேல். வஹீது சூடான சமோசாப் பொட்டலத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தார். காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் முதல் சமோசாவோடு சேர்ந்து தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"ஒண்ணுமில்ல பாய். இனிமே எல்லாருக்கும் 'பார்க்க மட்டும்'தான். ஆபீஸ் ரூலு. இந்தா பாருங்க, மொதல்ல என்னையவே மாத்துறேன்."

எழுந்து நின்று தன் பெயரை மாற்றினார். கூடவே தானும் இறங்கிவிட்டால் இறங்குகிறவருக்கு அவமானம் இல்லையே என்று தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, வஹீதின் பெயருக்குப் போனார். பெயர் மங்கிக் கிடந்தது. தட்டித் தட்டிப் பார்த்தும் அசையவில்லை. அடுத்தவரை மாற்றுகிற உரிமையையும் சேர்த்துத் தன்னிடமிருந்தே பிடுங்கிக்கொண்டார் என்பது விளங்க அரை நிமிடம் ஆனது. தமிழ்வாணி கொட்டாம்பட்டி சைட்டில் இருந்தார். ஃபோனை எடுக்கவில்லை.

"என்ன தம்பி, வேர்த்துக் கொட்டுது?"

"சாவிய உள்ள வச்சுட்டுக் கதவப் பூட்டிட்டேன் பாய்." இதற்கு மேல் நடிக்க அவரிடம் சரக்கு இல்லை. "ரூலெல்லாம் ஒண்ணுமில்ல. உங்க விரல் பட்டுத்தான் அக்காவோட ஜன்னல் போச்சு. உங்களுக்கு அம்புட்டு உரிமையக் குடுத்தது என் தப்பு. அதத் திருப்பி வாங்கத்தான் கூப்புட்டேன். கேக்கத் தைரியமில்லாம என்னைய நானே எறக்கிக்கிட்டேன்."

"யா அல்லா, என் விரலா?" வஹீது கையிலிருந்த சமோசாவைக் கீழே வைத்தார். "அவ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே தம்பி."

பிறகு சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். "இப்ப நான் உங்கள உள்ள கூப்புட முடியுமா?"

"முடியும் பாய். உங்களுக்குத்தான் முழு உரிமை இருக்கே."

இம்மானுவேல் காட்டக் காட்ட, அவர் பெயருக்கு நேரே 'முழு உரிமை' என்று டிக் அடித்தார் வஹீது. தன் பெயருக்கு நேரே 'பார்க்க மட்டும்'. கடைசிப் பொத்தான் பாக்கி இருந்தது. சமோசாப் பொட்டலத்தை ஓரமாக நகர்த்தி, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்று, அதை அழுத்தினார்.